கிருஷ்ணகிரியிலிருந்து கப்பல் வரை: சரக்கு ஏற்றுமதிச் சொற்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் மாங்கூழ், கிரானைட், உப்புநீரில் பதப்படுத்திய கெர்கின் வெள்ளரி, தென்னை நார், நார்க்கழிவுக் கட்டிகள் எனப் பல பொருள்கள் இங்கிருந்து கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போகின்றன. இத்தொழிலில் புதிதாக இறங்கும் ஒருவர், முதல் விசாரணையிலேயே "எஃப்.ஓ.பி. சென்னை விலை என்ன?", "கட்-ஆஃப் எப்போது?", "ஃப்ரீ டேஸ் எத்தனை?" என்பன போன்ற கேள்விகளைச் சந்திக்கிறார். எதிரே இருப்பவர் வழக்கமாகப் பேசுவதுபோல் பேசுகிறார். இவரோ புரிந்ததுபோல் தலையசைத்துவிட்டு, பின்னால் கணக்கு வரும்போது திகைத்து நிற்கிறார்.

இச்சொற்களை அகராதியிலிருந்து எடுத்து மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு கேள்விகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் சரக்கு யாருடைய பொறுப்பில் இருக்கிறது? இந்தக் கட்டத்துக்கான செலவை யார் கொடுக்கிறார்? துறைமுகத்தில் வழங்கும் சொற்களில் பெரும்பாலானவை இவ்விரு கேள்விகளில் ஒன்றுக்கு விடையாகவே பிறந்தவை. ஆகவே, காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள ஒரு தொழிற்சாலை, நம்மூரில் பெங்களூரா என்று சொல்லப்படும் தோத்தாபுரி மாம்பழத்தின் கூழை, நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டு, அந்தச் சரக்கின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

பெட்டியும் எடையும்

கன்டெய்னர் என்பது உலகம் முழுவதும் பொதுவான அளவுத் தரத்தின்படி செய்யப்படும் எஃகுப் பெட்டி. 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிச் சென்றதிலிருந்தே இம்முறையின் வரலாற்றைத் தொடங்குவார்கள். அந்தக் கப்பலை அனுப்பிய மால்கம் மெக்லீன் ஒரு லாரி நிறுவன உரிமையாளர். மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றும் வேலையை ஒழித்து, லாரியில் வந்த பெட்டியை அப்படியே கப்பலில் தூக்கி வைப்பதுதான் அவர் செய்தது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கென்று தனி முனையம் 1983இல் செயல்படத் தொடங்கியது.

இருபது அடி, நாற்பது அடி என இரண்டு நீளங்கள் பெருவழக்கில் உள்ளன. ஓர் இருபது அடிப் பெட்டியே கணக்குக்கு அலகு, அதை டி.இ.யூ. என்பார்கள். நாற்பது அடிப் பெட்டி இரண்டு டி.இ.யூ. ஆகும். ஒரு கப்பலின் கொள்ளளவையும் ஒரு துறைமுகம் ஆண்டுதோறும் கையாளும் அளவையும் இந்த அலகிலேயே குறிப்பிடுகிறார்கள்.

புதியவர்கள் இங்கே ஒரு தவறான முடிவுக்கு வருவதுண்டு. நாற்பது அடிப் பெட்டி இரண்டு மடங்கு எடை தாங்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். கொள்ளளவு இரண்டு மடங்குதான். இருபது அடியில் ஏறத்தாழ 33 கன மீட்டர், நாற்பது அடியில் ஏறத்தாழ 67 கன மீட்டர். ஆனால், பெட்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடைக்கு இரண்டிலும் பொதுவாக ஒரே வரம்புதான்: 30,480 கிலோ. கிரானைட்டை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2.7 டன் எடை கொண்டது. இருபது அடிப் பெட்டிக்குள் பத்து கன மீட்டர் கல் வைத்தாலே வரம்பை நெருங்கிவிடுகிறோம். பெட்டியின் மூன்றில் இரண்டு பங்கு காற்றாகவே பயணம் செய்கிறது. கல்லுக்கு நாற்பது அடிப் பெட்டி பிடிப்பதில் பொருளே இல்லை. தென்னை நாருக்கு நிலைமை நேர் எதிர். அது இடத்தை அடைக்கும், எடை காட்டாது. அதனால் நார்ப் பேல்களுக்கு நாற்பது அடியிலும் ஓரடி கூடுதல் உயரமுள்ள ஹை-க்யூப் பெட்டியை விரும்பிக் கேட்கிறார்கள். சரக்கு முதலில் எடையால் நிறைகிறதா, இடத்தால் நிறைகிறதா என்று தெரியாமல் கப்பல் கூலி விசாரிக்கவே கூடாது.

நமது மாங்கூழ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கிருமி நீக்கிய பையில் நிரப்பி, 215 கிலோ கொள்ளும் இரும்பு டிரம்களில் அடைத்து, ஓர் இருபது அடிப் பெட்டிக்கு 80 டிரம் ஏற்றுவது இத்தொழிலில் பழகிப்போன கணக்கு. 80 டிரம்மில் உள்ள கூழ் மட்டும் 17,200 கிலோ. இது நெட் வெயிட். வெற்று டிரம் ஒன்று பதினைந்து கிலோ என்று கொண்டால், டிரம்களோடு சேர்ந்து 18,400 கிலோ. இது கிராஸ் வெயிட். வெற்றுக் கன்டெய்னரின் எடை, அதாவது டேர் வெயிட், சுமார் 2,200 கிலோ. இது பெட்டியின் கதவிலேயே எழுதியிருக்கும். எல்லாம் சேர்ந்து 20,600 கிலோ. இந்த இறுதி எண்ணைத்தான் வி.ஜி.எம். என்று அழைக்கிறார்கள். கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின்படி 2016 ஜூலை 1 முதல், இந்த எடையைச் சரிபார்த்து அறிவிக்காத எந்தக் கன்டெய்னரும் கப்பலில் ஏறக் கூடாது. நிரப்பிய பெட்டியை எடை மேடையில் நிறுத்தி எடுக்கலாம். அல்லது உள்ளே வைத்த ஒவ்வொன்றின் எடையையும், தாங்கு கட்டைகள் உட்பட, கூட்டி டேர் வெயிட்டோடு சேர்க்கலாம். அறிவிக்க வேண்டிய கடமை சரக்கு அனுப்புபவருடையது. கப்பலில் எந்தப் பெட்டி மேலே, எந்தப் பெட்டி கீழே என்று திட்டமிடுபவர் இந்த எண்ணை நம்பியே அடுக்குகிறார் என்பதால், இதில் பொய் எண் தருவது கப்பலில் உள்ள மனிதர்களின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஒரு பெட்டி முழுவதையும் ஒருவரே நிரப்பினால் எஃப்.சி.எல். பல பேருடைய சிறு சரக்குகளை ஒரே பெட்டியில் சேர்த்தால் எல்.சி.எல். பின்னதில் கூலியை ஒரு கன மீட்டர் அல்லது ஆயிரம் கிலோ, இரண்டில் எது அதிகமோ அதன்படி கணக்கிடுகிறார்கள். மாதிரிச் சரக்கு அனுப்பும் புதியவருக்கு எல்.சி.எல். ஏற்றது, ஆனால் பெட்டியில் உடன் இருக்கும் இன்னொருவரின் ஆவணம் சிக்கினால் நம் சரக்கும் சேர்ந்து நிற்கும். வாடை பிடிக்கக்கூடிய உணவுப் பொருளை, பக்கத்தில் என்ன வரும் என்று தெரியாமல் இதில் அனுப்பாமல் இருப்பதே நல்லது.

யார் யார்

சரக்கை அனுப்புபவர் ஷிப்பர். அதைப் பெற்றுக்கொள்பவர் கன்சைனி. கப்பலை இயக்கிப் பெட்டியைச் சுமந்து செல்லும் நிறுவனத்தைச் சுருக்கமாக லைன் என்பார்கள். லைனுக்கும் நமக்கும் நடுவில் நின்று, இடம் பிடித்து, லாரி ஏற்பாடு செய்து, எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பவர் ஃபார்வர்டர். சொந்தக் கப்பல் இல்லாமல், லைனிடம் மொத்தமாக இடம் வாங்கித் தம் பெயரிலேயே சரக்கு ஏற்றுச் செல்லும் நிறுவனங்களும் உண்டு; அவற்றை என்.வி.ஓ.சி.சி. என்கிறார்கள். சுங்கத்துறையில் நம் சார்பாக ஆவணம் தாக்கல் செய்ய உரிமம் பெற்றவர் கஸ்டம்ஸ் புரோக்கர். பழைய பெயரான சி.எச்.ஏ.தான் இன்றும் எல்லோர் வாயிலும் வருகிறது. துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கை ஏற்றி இறக்கும் வேலையைச் செய்விப்பவர் ஸ்டீவடோர்.

ஒரே நிறுவனம் ஃபார்வர்டராகவும் கஸ்டம்ஸ் புரோக்கராகவும் இருப்பது வழக்கம். அப்படி இருந்தாலும், அவர் தரும் மதிப்பீட்டில் எந்தத் தொகை லைனுக்கு, எந்தத் தொகை துறைமுகத்துக்கு, எந்தத் தொகை அவருடைய சேவைக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பிரித்துத் தரத் தயங்குபவரிடம் முதல் சரக்கைக் கொடுக்க வேண்டாம்.

தொழிற்சாலை வாசலிலிருந்து துறைமுக வாசல் வரை

ஏற்றுமதி செய்ய, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் வழங்கும் ஐ.இ.சி. எண் வேண்டும். சரக்குக்கு எச்.எஸ். குறியீடு வேண்டும். உலகச் சுங்க அமைப்பு வகுத்த இக்குறியீட்டில் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. இந்தியாவில் அதை எட்டு இலக்கமாக நீட்டியிருக்கிறார்கள். கிரானைட்டில் இது மிக முக்கியம். வெட்டியெடுத்த கல்லும் தோராயமாக அறுத்த பலகையும் 2516 என்ற தலைப்பில் வருகின்றன. மெருகேற்றிய கல் 6802 என்ற தலைப்புக்குப் போய்விடுகிறது. வரியும் சலுகையும் குறியீட்டைப் பொறுத்து மாறும் என்பதால், கல் எந்த நிலையில் போகிறது என்பதைப் புரோக்கரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

லைனிடம் இடம் பதிவு செய்வது புக்கிங். அது உறுதியானதும் வெற்றுப் பெட்டியை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். டிரெய்லர் லாரி, வெற்றுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் யார்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருகிறது. இங்கே ஒரு கடமையை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பெட்டிக்குள் ஒருவர் நுழைந்து, கதவுகளை மூடச் சொல்லி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிச்சம் புகும் ஓட்டை வழியே கடல் நீரும் புகும். முன்பு ஏற்றிய சரக்கின் வாடை, துரு, ஈரம் ஆகியவற்றையும் பார்த்து, குறை இருந்தால் சரக்கை ஏற்றுவதற்கு முன்பே படமெடுத்துப் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்றிய பிறகு சொல்லும் குறைக்கு மதிப்பில்லை.

பெட்டியில் சரக்கை அடுக்குவது ஸ்டஃபிங். அடுக்கிய சரக்கு ஆடாதபடி கட்டுவது லாஷிங். இடைவெளிகளில் வைக்கும் கட்டை, காற்றுப் பை முதலியவை டன்னேஜ். மரக்கட்டை பயன்படுத்தினால் அது ஐ.எஸ்.பி.எம். 15 என்ற நெறியின்படி பூச்சி நீக்கம் செய்து முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்குவது அதில் ஒரு முறை. கிரானைட் பலகைகளை மரச்சட்டத்தில் நிறுத்தி அனுப்புபவர்கள் இதை மறந்தால், போய்ச் சேரும் துறைமுகத்தில் கல்லுக்கு ஒரு குறையும் இல்லாதபோதும் சட்டத்துக்காகச் சரக்கு நிறுத்தப்படும்.

தொழிற்சாலையிலேயே ஸ்டஃபிங் செய்து, நாமே மின்னணு முத்திரையிட்டு அனுப்பும் முறை 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்குச் சுங்கத்துறையிடம் முன்பே அனுமதி பெற்றிருக்க வேண்டும். அனுமதி இல்லாதவர்கள் சரக்கை லாரியில் துறைமுகத்துக்கு அருகிலுள்ள சி.எஃப்.எஸ். எனப்படும் கிடங்குக்கு அனுப்ப, அங்கே சுங்க அதிகாரியின் பார்வையில் பெட்டியில் ஏற்றப்படும். கடலிலிருந்து தொலைவில், ரயில் இணைப்போடு, துறைமுகத்தின் வேலைகளைச் செய்யும் உள்நாட்டு முனையங்களும் உண்டு, அவை ஐ.சி.டி. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உள்ள ஐ.சி.டி. அருகில் இருக்கிறது.

ஷிப்பிங் பில் என்பது, பெயர் எப்படி ஒலித்தாலும், பணம் கேட்கும் பில் ஆகாது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி ஏற்றுமதியாளர் சுங்கத்துறைக்கு அளிக்கும் அறிவிப்பு அது. ஐஸ்கேட் என்ற இணையதளத்தின் வழியே தாக்கல் செய்யப்படுகிறது. அதிகாரி சரிபார்த்து, அடுத்த பிரிவின்படி ஏற்றுமதிக்கு அனுமதி அளிப்பதற்கு லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர், சுருக்கமாக எல்.இ.ஓ. என்று பெயர். எல்.இ.ஓ. கிடைக்கும் வரை சரக்கு துறைமுகத்தில் நிற்கலாம், கப்பலில் ஏற முடியாது.

துறைமுகத்துக்குள்

சென்னைத் துறைமுகம், எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகம், அதற்கு அருகிலுள்ள காட்டுப்பள்ளி ஆகிய மூன்றும் கன்டெய்னர் கையாளுகின்றன. ஏற்றுமதி ஆவணத்தில் 'சென்னை' என்று மட்டும் நினைத்துக்கொண்டு லாரியைத் தவறான வாசலுக்கு அனுப்பிவிட்டால் ஒரு நாள் வீணாகும்; புக்கிங் தாளில் எந்த முனையம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தே ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும்.

கப்பல் அணைந்து நிற்கும் இடம் பெர்த். கப்பல் வரும் என்று எதிர்பார்க்கும் நேரம் இ.டி.ஏ., புறப்படும் என்று எதிர்பார்க்கும் நேரம் இ.டி.டி. ஏற்றுமதியாளர் உயிராக மதிக்க வேண்டியது இவ்விரண்டையும்விடக் கட்-ஆஃப் நேரத்தை. பெட்டி முனையத்தின் வாசலுக்குள் நுழைய ஒரு கட்-ஆஃப், ஆவண விவரங்கள் தர ஒன்று, வி.ஜி.எம். தர ஒன்று எனத் தனித்தனியாக இருக்கும். கப்பல் வெள்ளிக்கிழமை புறப்படுகிறது என்றால் வியாழக்கிழமை இரவு பெட்டி போய்ச் சேர்ந்தால் போதும் என்று எண்ணக் கூடாது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான். ஆனால் நகரத்துக்குள் கனரக வாகனங்களுக்கான நேரக் கட்டுப்பாடும், துறைமுக வாசலில் நிற்கும் வரிசையும் சேரும்போது, தொலைவை வைத்து மட்டும் நேரம் கணிப்பது ஆபத்தாகிவிடும். கட்-ஆஃப் தவறினாலோ, கப்பலில் இடம் போதாமல் லைனே விட்டுவிட்டாலோ, பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும். இதை ரோல் ஓவர் என்கிறார்கள்.

சென்னையிலிருந்து புறப்படும் பெட்டி எல்லா நேரமும் ஒரே கப்பலில் ராட்டர்டாம் போவதில்லை. கொழும்பு போன்ற பெரிய துறைமுகத்தில் இறக்கி, வேறு பெரிய கப்பலில் ஏற்றுவார்கள். அது டிரான்ஷிப்மென்ட். கூலி குறைவாகத் தெரியும் மதிப்பீடுகளில் பல, கூடுதலான டிரான்ஷிப்மென்ட்களால் குறைந்தவை. 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து செங்கடலில் நடந்த தாக்குதல்களால் பல லைன்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின; பயணம் நீண்டது, கூலியின் மேல் கூடுதல் கட்டணங்களும் வந்தன. ஆகவே வாங்குபவருக்குப் போய்ச்சேரும் நாளை உறுதிமொழியாகத் தராமல், எதிர்பார்க்கும் நாளாகவே எழுத்தில் தர வேண்டும்.

பில் ஆஃப் லேடிங்

இந்தத் தொழிலின் எல்லா ஆவணங்களிலும் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது பி.எல். எனப்படும் பில் ஆஃப் லேடிங். இதற்கு மூன்று பணிகள் உண்டு. சரக்கைப் பெற்றுக்கொண்டோம் என்று லைன் தரும் ரசீது அது. சரக்கை எந்த நிபந்தனைகளில் சுமப்போம் என்ற ஒப்பந்தத்துக்குச் சான்றும் அதுவே. மூன்றாவது பணிதான் அதை மற்ற தாள்களிலிருந்து பிரிக்கிறது: கைமாற்றத்தக்க பி.எல். சரக்கின் உரிமையையே தாங்கி நிற்கிறது. சேருமிடத்தில் மூலப் பிரதியைக் கொடுப்பவருக்கே சரக்கு கிடைக்கும். வழக்கமாக மூன்று மூலப் பிரதிகள் தருவார்கள். ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மற்றவை செல்லாதவையாகிவிடும். அதனால் மூன்றையும் பணத்தைப் போலப் பாதுகாக்க வேண்டும். இந்தியாவில் 1856ஆம் ஆண்டிலிருந்து இருந்துவந்த பி.எல். சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது, ஆனால் பி.எல்.லின் இந்த அடிப்படை இயல்பு மாறவில்லை.

பணம் முழுவதும் வந்துவிட்டது, வாங்குபவர் நெடுநாள் பழக்கம் என்றால், மூலப் பிரதிகளை இங்கேயே லைனிடம் ஒப்படைத்து, அங்கே தாளில்லாமல் சரக்கை விடுவிக்கச் சொல்லலாம். இதை டெலக்ஸ் ரிலீஸ் என்கிறார்கள். பணம் வராத நிலையில் யார் கேட்டாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், டெலக்ஸ் ரிலீஸுக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொண்ட நொடியிலேயே சரக்கின் மேல் நமக்கிருந்த பிடி போய்விடுகிறது. ஓசூர் ரோஜாப் பூக்களைப் பெங்களூரு விமான நிலையம் வழியே அனுப்புபவர்களுக்குக் கிடைக்கும் ஏர்வே பில்லுக்கு இந்த உரிமைத் தன்மை கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விமானச் சரக்கில் கன்சைனியாக யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு அது போய்விடும்.

பி.எல்.லில் வரும் வேறு சில சொற்களும் பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. சரக்கிலோ அதைப் பொதிந்த விதத்திலோ குறை உண்டு என்ற குறிப்பு ஏதும் இல்லாதது கிளீன் பி.எல். 'ஷிப்டு ஆன் போர்டு' என்று தேதியோடு இருந்தால் சரக்கு கப்பலில் ஏறிவிட்டது. 'ரிசீவ்டு ஃபார் ஷிப்மென்ட்' என்று மட்டும் இருந்தால் லைன் பெற்றுக்கொண்டது, இன்னும் ஏறவில்லை. ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி அளிக்கும் எல்.சி. என்னும் கடன் உறுதிப் பத்திரத்தின் வழியே பணம் பெறுபவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. எல்.சி.க்கான யு.சி.பி. 600 விதிகளின்படி, எல்.சி. வேறுவிதமாகச் சொல்லாத நிலையில், ஏற்றிய நாளிலிருந்து 21 நாள்களுக்குள், எல்.சி.யின் காலமும் முடிவதற்குள், ஆவணங்களை வங்கியில் சேர்க்க வேண்டும். ஃப்ரெய்ட் பிரீபெய்டு என்றால் கப்பல் கூலியை இங்கே கட்டியாயிற்று. ஃப்ரெய்ட் கலெக்ட் என்றால் அங்கே வாங்குபவர் கட்டுவார்.

எஃப்.ஓ.பி.யும் அதன் உறவுகளும்

விலை பேசும்போது வரும் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்றவை இன்கோடெர்ம்ஸ் என்ற விதித் தொகுப்பைச் சேர்ந்தவை. பாரிஸில் உள்ள சர்வதேச வணிக சபை இவற்றை முதன்முதலில் 1936இல் வெளியிட்டது. இப்போது நடைமுறையில் இருக்கும் 2020 பதிப்பில் பதினொரு விதிகள் உள்ளன. எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. நம் மாவட்டத்து ஏற்றுமதியாளருக்கு நான்கு தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

எஃப்.ஓ.பி. சென்னை என்றால், சரக்கைச் சென்னையில் கப்பலின் மேல் ஏற்றி வைக்கும் வரை செலவும் ஆபத்தும் விற்பவருடையவை. அதன் பின் வாங்குபவருடையவை. சி.எஃப்.ஆர். ராட்டர்டாம் என்றால் ராட்டர்டாம் வரையிலான கப்பல் கூலியையும் விற்பவர் தருகிறார். சி.ஐ.எஃப். என்றால் அதோடு காப்பீடும் எடுத்துத் தருகிறார். இதில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. சி.எஃப்.ஆர்., சி.ஐ.எஃப். இரண்டிலும் செலவு சேருமிடம் வரை விற்பவருடையதாக இருந்தாலும், ஆபத்து சென்னையில் கப்பலில் ஏறியபோதே வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. செலவு மாறும் இடமும் ஆபத்து மாறும் இடமும் வெவ்வேறு. நடுக்கடலில் சரக்கு கெட்டால், கூலி கொடுத்தவர் நாம்தானே என்று இழப்பையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது.

நான்காவது விதி எஃப்.சி.ஏ. இதில், விற்பவர் சரக்கைக் குறிப்பிட்ட இடத்தில் வாங்குபவர் நியமித்த சுமப்பாளரிடம் ஒப்படைத்தவுடனேயே பொறுப்பு மாறிவிடுகிறது. அந்த இடம் சென்னை முனையத்தின் வாசலாக இருக்கலாம், ஒயிட்ஃபீல்டு ஐ.சி.டி.யாக இருக்கலாம், நம் தொழிற்சாலையாகவும் இருக்கலாம். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யைவிட எஃப்.சி.ஏ.தான் பொருத்தம் என்று அந்தச் சபையே சொல்கிறது. காரணம் எளிது. நாம் பெட்டியை முனையத்தின் வாசலில் ஒப்படைத்துவிடுகிறோம்; அதன் பின் அதை யார்டில் எங்கே வைத்தார்கள், கிரேன் எப்படித் தூக்கியது என்பதெல்லாம் நம் கையில் இல்லை. கப்பல் தாமதித்தால் பெட்டி யார்டிலேயே பல நாள் இருக்கக்கூடும். எஃப்.ஓ.பி. என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நாள்கள் முழுவதும் ஆபத்து நம் தலைமேல் இருக்கிறது, கட்டுப்பாடோ வேறொருவரிடம் இருக்கிறது. கடலோரத்தில் இல்லாத நமக்கு எஃப்.சி.ஏ.யில் பேரம் பேசுவதே முறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எல்.சி.க்கு ஆன் போர்டு பி.எல். வேண்டுமே என்ற பழைய தடையையும், அத்தகைய பி.எல்.லை வழங்கும்படி வாங்குபவர் லைனுக்கு அறிவுறுத்த வேண்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வழி செய்து, 2020 பதிப்பு எளிதாக்கியது. பழக்கத்தால் எஃப்.ஓ.பி.தான் வேண்டும் என்று வாங்குபவர் பிடிவாதம் செய்தால், துறைமுகத்தில் நிற்கும் நாள்களையும் உள்ளடக்கிய காப்பீட்டை நாமே எடுத்துவிட வேண்டும். ஷிப்பிங் பில்லில் எஃப்.ஓ.பி. மதிப்பைக் கேட்பார்கள், அது சுங்கத்தின் மதிப்புக் கணக்குக்காக. வாங்குபவரோடு எந்த விதியில் பேசினாலும் அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் வேண்டும்.

காப்பீட்டில் ஒரு சொல்லை மட்டும் விளக்கிவிடுகிறேன். கப்பலையும் சரக்கையும் ஒரு பொது ஆபத்திலிருந்து காக்கத் தெரிந்தே செய்யும் செலவையும் இழப்பையும், அந்தக் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் தத்தம் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்வது ஜெனரல் ஆவரேஜ். 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கியபோது அதன் உரிமையாளர் இதை அறிவித்தார். தம் சரக்கில் ஒரு கீறலும் விழாதவர்கள்கூட ஈடு கட்டிய பிறகே அதைப் பெற முடிந்தது. காப்பீடு இருந்தவர்களுக்கு அதைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொண்டது. சி.ஐ.எஃப். விதியில் விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு, ஒப்பந்த மதிப்பின் 110 விழுக்காட்டுக்கு, மிகக் குறுகிய 'சி' வகை நிபந்தனைகளில்; அதில் திருட்டு போன்றவை அடங்குவதில்லை என்பதையும் வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுவது நாணயமான வியாபாரம்.

கப்பலையே வாடகைக்கு எடுக்கும்போது

கன்டெய்னரில் அடங்காத பெரிய கிரானைட் பாளங்களைத் தனித்தனியாகத் தூக்கிக் கப்பலின் அடித்தளத்தில் வைத்து அனுப்பும் முறை பிரேக் பல்க். நிலக்கரி, தாது போன்றவற்றைக் கட்டாமல் கொட்டி அனுப்புவது பல்க். இவற்றில் கப்பலையோ அதன் ஒரு பகுதியையோ வாடகைக்கு எடுக்கிறார்கள். ஏற்றி இறக்க ஒப்புக்கொண்ட கால அளவு லேடைம். அதைத் தாண்டினால் கப்பல் உரிமையாளருக்குத் தர வேண்டிய தொகை டெமரேஜ்.

டெமரேஜ், டிடென்ஷன்

கன்டெய்னர் தொழிலில் டெமரேஜ் என்ற இதே சொல் வேறொரு வேலை செய்கிறது. பக்கத்தில் டிடென்ஷன் என்ற இன்னொன்றும் நிற்கிறது. இரண்டையும் பிரித்தறியாமல் நட்டப்பட்டவர்கள் பலர். நம் துறைமுகங்களில் வழங்கும் பொருள்படி, பெட்டி துறைமுகத்துக்குள்ளோ சி.எஃப்.எஸ்.ஸிலோ அனுமதித்த நாள்களுக்கு மேல் கிடந்தால் அந்த இடத்துக்காகத் தருவது டெமரேஜ். லைனுக்குச் சொந்தமான பெட்டியை, அது எங்கே இருந்தாலும், அனுமதித்த நாள்களுக்குள் திருப்பித் தராவிட்டால் பெட்டிக்காகத் தருவது டிடென்ஷன். ஒன்று இடத்தின் வாடகை, மற்றொன்று பெட்டியின் வாடகை. ஒரே பெட்டிக்கு ஒரே நாளில் இரண்டும் ஏறக்கூடும். சில லைன்களும் சில நாட்டுத் துறைமுகங்களும் இச்சொற்களை வேறுவிதமாகப் பிரிப்பதால், கட்டணப் பட்டியலைக் கையில் வாங்கிப் படிப்பதே பாதுகாப்பு.

அனுமதித்த நாள்களே ஃப்ரீ டேஸ். அது முடிந்த பின் கட்டணம் படிப்படியாக ஏறும். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: ஏழு நாள் இலவசம், அடுத்த ஐந்து நாளுக்கு நாளொன்றுக்கு 40 டாலர், அதற்குமேல் நாளொன்றுக்கு 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இருபதாம் நாள் வெற்றுப் பெட்டி திரும்பினால், கூடுதலான பதின்மூன்று நாளில் முதல் ஐந்துக்கு 200, மீதி எட்டுக்கு 640, ஆக 840 டாலர். மாங்கூழ் போன்ற குறைந்த லாபச் சரக்கில் இது ஒரு பெட்டியின் லாபத்தையே விழுங்கிவிடும். ஏற்றுமதியிலும் இது உண்டு. வெற்றுப் பெட்டியை யார்டிலிருந்து எடுத்த நாளிலிருந்தே லைன் எண்ணத் தொடங்குகிறது; சரக்கு தயாராகும் முன்பே பெட்டியைக் கொண்டுவந்து தொழிற்சாலையில் நிறுத்திவைப்பது இதனால்தான் கூடாது.

சேருமிடத்தில் இது வாங்குபவரின் செலவாயிற்றே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பெரும்பாலான லைன்களின் பி.எல். நிபந்தனைகளில் 'மெர்ச்சன்ட்' என்ற ஒரே பெயரின் கீழ் ஷிப்பரும் கன்சைனியும் பி.எல்.லை வைத்திருப்பவரும் சேர்த்தே வரையறுக்கப்படுகிறார்கள். ராட்டர்டாமில் விலை சரிந்து, வாங்குபவர் சரக்கை எடுக்காமல் ஒதுங்கிவிட்டால், வாரக்கணக்கில் ஏறும் கட்டணத்தை லைன் ஷிப்பரிடம், அதாவது காவேரிப்பட்டணத்துத் தொழிற்சாலையிடம் கேட்கும். அப்போது சரக்கை வேறொருவருக்கு விற்கவோ திரும்பக் கொண்டுவரவோ நினைத்தால், முதலில் பெயரிடப்பட்ட கன்சைனியின் தடையின்மைக் கடிதத்தைக் கேட்கும் நாடுகளும் இருக்கின்றன. அதனால் திரும்பக் கொண்டுவரும் கூலிக்காவது போதுமான தொகையை முன்பணமாக வாங்காமல் பெட்டியை அனுப்பக் கூடாது. சேருமிடத்து ஃப்ரீ டேஸைப் புக்கிங் செய்யும்போதே கூடுதலாகக் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். கப்பல் புறப்பட்ட பிறகு அதைக் கேட்டுப் பெறுவது மிகக் கடினம். கப்பல் சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வாங்குபவரின் ஆவணங்கள் தயாரா என்று விசாரிக்க வேண்டும். அவர் பதில் தராவிட்டால், பெட்டி இறங்கும் வரை காத்திராமல் அன்றே ஃபார்வர்டரை அழைத்து, அந்தத் துறைமுகத்தில் வேறு வாங்குபவரைத் தேடத் தொடங்கிவிட வேண்டும்.